குதிநாண் நோவும் ஓட்டக்காரரின் மீட்சியும்

மகாராஷ்டிர மாநிலத்தில் சாத்தாரா நகரிலிருந்து காஸ் பீடபூமியை நோக்கிச் செல்லும் யவதேஷ்வர் மலைப்பாதை ஏற்றமும் வளைவும் மிகுந்தது. இத்தகைய மலைப்பாதைகளும் ஊர்ப்புறத்துத் தார்ச் சாலைகளும் நாட்டின் பல மாவட்டங்களில் இளைஞர்களின் பயிற்சிக் களங்களாக உள்ளன. இராணுவத்தில் சேர விரும்புவோர் ஆள்சேர்ப்புத் திடலில் 1.6 கிலோமீட்டர் தொலைவைக் குறித்த நேரத்துக்குள் ஓடிக் காட்டவேண்டும். அதற்கு வயது வரம்பும் உண்டு. ஆதலின் ஓராண்டை இழப்பது என்பது சிலருக்கு வாழ்க்கையின் ஒரு வாயிலையே இழப்பதாகும்.

அத்தகைய இளைஞன் ஒருவனை விளக்கத்தின் பொருட்டு மனத்தில் அமைத்துக்கொள்ளலாம். அவனுக்கு வயது இருபது. சமநிலத்தில் ஓடிக்கொண்டிருந்தவன், தேர்வு நெருங்குகிறது என்று கருதி, ஒரே வாரத்தில் தன் ஓட்டத்தை இருமடங்காக்கி, மலையேற்றத்தையும் சேர்த்துக்கொண்டான். மூன்றாம் வாரத்தில், காலையில் படுக்கையினின்று எழுந்து வைக்கும் முதல் அடிகளில் வலக் குதிகாலின் பின்புறம் விறைத்து வலித்தது. சிறிது நடந்ததும் வலி மறைந்தது. ஓடத் தொடங்கும்போது வலித்தது. உடல் சூடேறியதும் குறைந்தது. மறுநாள் முன்னினும் மிகுந்தது. அவன் இரண்டு வாரங்கள் முழு ஓய்வு எடுத்தான். வலி நீங்கிற்று. மீண்டும் ஓடிய மூன்றாம் நாளே அது திரும்பி வந்தது.

ஓய்வினால் நீங்கிய வலி ஓட்டத்தினால் திரும்புவது ஏன்? ஓய்வும் உதவவில்லை, ஓட்டமும் உதவவில்லை எனில் செய்யத்தக்கது யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கம்.

குதிநாணின் அமைப்பு

தசையை எலும்போடு பிணைக்கும் உறுதியான வெண்ணிறக் கயிறு தசைநாண் எனப்படும். கெண்டைக்கால் தசைகளைக் குதிகால் எலும்போடு பிணைப்பது குதிகால் தசைநாண். சுருக்கமாகக் குதிநாண் என்று கூறலாம். கிரேக்கப் புராணத்து வீரனின் பெயரால் இதனை அக்கிலிஸ் தசைநாண் என்றும் மருத்துவர்கள் அழைப்பர். மனித உடலிலுள்ள தசைநாண்களுள் இதுவே மிகத் தடித்ததும் வலியதும் ஆகும். இதன் நீளம் ஏறத்தாழ 15 செ.மீ.

கெண்டைக்காலில் இரண்டு முக்கியத் தசைகள் இந்நாணில் வந்து சேர்கின்றன. மேலே இருப்பது காஸ்ட்ராக்னீமியஸ். இது முழங்காலுக்கு மேலே தொடையெலும்பில் தொடங்குகிறது. அதன் கீழே அமைந்தது சோலியஸ். இது முழங்காலுக்குக் கீழே தொடங்குகிறது. இவ்வேறுபாடு பின்னர்க் கூறப்படும் பயிற்சியில் பயன்படும்.

வில்லின் நாணைப்போலவே இதுவும் இழுபட்டு ஆற்றலைச் சேமித்து, விடுபடும்போது அதனைத் திருப்பித் தருகிறது. பாதம் நிலத்தில் ஊன்றும்போது நாண் நீள்கிறது; உந்தி எழும்போது சுருங்குகிறது. ஓடும்போது இதன்மேல் விழும் இழுவிசை உடலின் எடையைப்போல் ஆறு முதல் எட்டு மடங்கு வரையிலும், சில வேளைகளில் அதற்கு மேலும் உயர்கிறது. அறுபது கிலோ எடையுள்ள ஒருவனின் குதிநாண் ஒவ்வோர் அடியிலும் நானூறு கிலோவை ஒட்டிய சுமையைத் தாங்குகிறது எனலாம். ஒரு கிலோமீட்டர் ஓட்டத்தில் ஒவ்வொரு காலும் ஏறத்தாழ ஐந்நூறு முறை ஊன்றுகிறது. மேட்டில் ஏறும்போது குதிகால் தாழ்ந்து, நாண் மேலும் நீட்டப்படுகிறது.

நாணின் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரத இழைகளால் ஆனது. இவ்விழைகள் எவ்வளவு மெதுவாகப் புதுப்பிக்கப்படுகின்றன என்பதை 2013ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் ஓர் அரிய வழியில் கண்டறிந்தனர். 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வளிமண்டலத்தில் நடத்தப்பட்ட அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 மிகுந்தது. பின்னர் அது படிப்படியாகக் குறைந்தது. உணவின் வழியாக இக்கார்பன் உடலில் சேர்வதால், ஒரு திசு எந்த ஆண்டுகளில் உருவாயிற்று என்பதை அதிலுள்ள கார்பன்-14 அளவைக் கொண்டு கணிக்கலாம். அவ்வாறு ஆராய்ந்தபோது, குதிநாணின் உட்பகுதி ஏறத்தாழப் பதினேழு வயதுக்குள் உருவாகி, அதன்பின் பெரும்பாலும் புதுப்பிக்கப்படாமலே இருப்பது புலனாயிற்று. தசையோ அவ்வாறன்றித் தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டு வந்தது. நோயுற்ற நாணில் நிலைமை வேறுபடக்கூடும் எனினும், தசைப் புண் ஆறும் வேகத்தில் நாணும் ஆறும் என்று எதிர்பார்ப்பது தவறு என்பது இதனால் விளங்கும்.

நோவு தோன்றும் விதம்

முறையான சுமை நாணை வலுப்படுத்துகிறது. நாணிலுள்ள உயிரணுக்கள் இழுவிசையை உணர்ந்து தம் செயலை அதற்கேற்ப மாற்றிக்கொள்கின்றன. ஆயின் இம்மாற்றத்துக்குக் காலம் வேண்டும். சில வாரங்களுக்குள் தசையும் மூச்சும் பயிற்சிக்குப் பழகிவிடுகின்றன, நாண் பழகுவதில்லை. ஆகவே, ஓட்டக்காரன் தன்னை வலியவன் என்று உணரும் அந்த வேளையிலேயே அவனுடைய நாண் பின்தங்கி நிற்கிறது. சுமை திடீரென உயர்ந்தால் நாண் தடித்து, இழைகளின் ஒழுங்கு குலைந்து, தொட்டால் வலிக்கிறது. பெரும்பாலும் குதிகால் எலும்புக்கு மேல் 2 முதல் 6 செ.மீ. வரையுள்ள நடுப்பகுதியே பாதிக்கப்படுகிறது. சிலருக்கு நாண் எலும்பில் பதியும் இடத்திலேயே வலி தோன்றும்.

முற்காலத்தில் இது அழற்சி என்று கருதப்பட்டு, அழற்சியைத் தணிக்கும் மருந்துகளும் ஓய்வும் தரப்பட்டன. நாட்பட்ட நோவில் அழற்சியைவிட இழைகளின் சீர்குலைவே முதன்மையானது என்று பின்னர் அறியப்பட்டது. மருந்து வலியைச் சில நாட்கள் மறைக்கலாம். நாணின் தாங்குதிறனை உயர்த்தாது.

ஓய்வின் குறையும் இங்கேயே உள்ளது. ஓய்வு சுமையை நீக்குவதால் வலி தணிகிறது. அதே வேளையில் கெண்டைக்கால் தசை மெலிகிறது. நாணின் தாங்குதிறனும் தாழ்கிறது. இரண்டு வாரம் கழித்து இளைஞன் பழைய வேகத்தில் ஓடும்போது, பழைய சுமை முன்னினும் வலுக்குறைந்த நாணின்மேல் விழுகிறது. வலி திரும்பியதன் காரணம் இதுவே.

ஸ்வீடன் நாட்டு மருத்துவர் ஒருவரின் அனுபவம்

இத்துறையில் ஒரு திருப்பம் எதிர்பாராத வகையில் நேர்ந்தது. ஸ்வீடனின் ஊமெயோ நகரத்து எலும்பு மருத்துவரான ஹோகன் ஆல்பிரட்சன் தாமும் ஓட்டக்காரர். 1990களில் குதிநாண் நோவால் துன்புற்றார். அறுவை சிகிச்சை செய்துகொள்ள அவர் விரும்பியபோது, அவருடைய மேலதிகாரி இணங்கவில்லை. நாணை மேலும் கெடுத்தால் அறுவை சிகிச்சை கிட்டும் என்று எண்ணி, அவர் வலியைப் பொருட்படுத்தாது நாணுக்குக் கடுஞ்சுமை ஏற்றும் பயிற்சியை நாள்தோறும் செய்தார். நாண் கெடவில்லை, நோவே நாளடைவில் நீங்கிற்று.

தம் அனுபவத்தை அவர் அவ்வளவோடு விடாமல் ஆராய்ச்சிக்கு உட்படுத்தினார். 1998ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் நாட்பட்ட நோவுடைய பதினைந்து பேர் பன்னிரண்டு வாரம் இப்பயிற்சியைச் செய்தனர். பதினைவரும் பழைய அளவுக்கு ஓடும் நிலையை அடைந்தனர். வழக்கமான சிகிச்சை பெற்ற மற்றொரு பதினைவர் குணமடையாமல் இறுதியில் அறுவை சிகிச்சைக்கு உள்ளாயினர். சிறிய ஆய்வுதான்; எனினும் நோயுற்ற நாணுக்குச் சுமையே மருந்தாகலாம் என்ற கருத்து அதன்பின் உலகெங்கும் பரவிற்று.

பயிற்சியின் முறை

இப்பயிற்சிக்கு வேண்டிய கருவி ஒரு படிக்கட்டும் பிடித்துக்கொள்ள ஒரு சுவரும் மட்டுமே. பாதத்தின் முன்பகுதியைப் படியின் விளிம்பில் ஊன்றி, இரு கால்களாலும் குதிகாலை உயர்த்தவேண்டும். பிறகு உடலின் எடை முழுவதையும் நோவுள்ள காலுக்கு மாற்றி, குதிகாலைப் படிமட்டத்திற்குக் கீழே மெதுவாக இறக்கவேண்டும். மேலே எழுவதற்கு நல்ல காலைப் பயன்படுத்தவேண்டும். முழங்காலை நீட்டியவாறு பதினைந்து தடவை கொண்ட மூன்று சுற்றுகளும், முழங்காலைச் சற்று மடக்கியவாறு அதே அளவு மூன்று சுற்றுகளும் செய்தல் வேண்டும். முழங்காலை மடக்கும்போது காஸ்ட்ராக்னீமியஸ் தளர்வதால் சோலியஸ் தசைக்கு வேலை மிகுகிறது. காலையிலும் மாலையிலுமாக, நாளொன்றுக்கு 180 தடவை ஆகும். இது எளிதாகிவிட்டால் முதுகுப் பையில் மணல் அல்லது புத்தகங்களை வைத்து எடையைக் கூட்டவேண்டும்.

நாண் எலும்பில் பதியும் இடத்தில் வலி உள்ளவர்கள் குதிகாலைப் படிமட்டத்துக்குக் கீழே இறக்கலாகாது. அவ்வாறு இறக்கினால் நாண் எலும்போடு அழுந்தி நோவு மிகும். அவர்கள் சமதரையிலேயே செய்வது நன்று.

இந்த ஒரு முறைதான் பயன்தரும் என்பதில்லை. 2015ஆம் ஆண்டில் வெளியான டென்மார்க் நாட்டு ஆய்வொன்றில், வாரத்துக்கு மூன்று நாள் மட்டும், மிகுந்த எடையை மெதுவாக ஏற்றியும் இறக்கியும் செய்த பயிற்சி, நாள்தோறும் செய்த மேற்கூறிய பயிற்சிக்கு ஒப்பான பயனைத் தந்தது. ஆகவே இன்றியமையாதது முறையின் பெயரன்று; போதிய சுமை, மெதுவான அசைவு, படிப்படியான உயர்வு, பல வாரத் தொடர்ச்சி ஆகிய நான்குமே.

வலியை அளவுகோலாகக் கொள்ளுதல்

நோயாளி அஞ்சுவது வலியை. வலித்தால் நாண் கிழிகிறது என்று அவன் கருதுகிறான். இவ்வச்சத்தை நீக்கும் எளிய அளவுகோல் ஒன்று ஸ்வீடனில் வகுக்கப்பட்டது. வலியே இல்லாத நிலை 0. தாங்கவொண்ணாத வலி 10. பயிற்சியின்போதும் அதன் பின்னும் வலி 5 வரை உயரலாம்; ஆனால் மறுநாள் காலைக்குள் அது தணிந்துவிடவேண்டும். மேலும் வாரத்துக்கு வாரம் காலை விறைப்பும் வலியும் கூடிக்கொண்டே போகலாகாது. 2007ஆம் ஆண்டு ஆய்வொன்றில், இவ்விதிக்கு உட்பட்டு ஓட்டத்தைத் தொடர்ந்தவர்களும், முதல் ஆறு வாரம் ஓட்டத்தை நிறுத்திவைத்துப் பயிற்சி மட்டும் செய்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் முன்னேறினர்.

இவ்வளவுகோலின் சிறப்பு யாதெனில், அது விடையை மறுநாள் காலையில் தருகிறது என்பதாகும். உடல் சூடேறிய நிலையில் நாண் உண்மையைச் சொல்வதில்லை. ஓய்ந்து எழும் காலையிலேயே சொல்கிறது.

வாரங்களின் வரலாறு

முன்னர்க் கூறிய இளைஞனை மீண்டும் காணலாம். அவனுடைய பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர் அவனை மாவட்ட மருத்துவமனையிலுள்ள பிசியோதெரபி என்னும் இயன்முறை மருத்துவப் பகுதிக்கு அனுப்புகிறார். மருத்துவர் பயிற்சியைக் கற்பித்து, மாதம் ஒருமுறை வரச் சொல்கிறார். மருத்துவமனை தொலைவில் இருப்பதால் இடைப்பட்ட நாட்களில் ஆசிரியரே துணை. இருவரும் ஒரு குறிப்பேட்டைத் தொடங்குகின்றனர்: காலை வலியின் எண், செய்த பயிற்சி, மறுநாள் வலியின் எண்.

முதல் மூன்று வாரங்களில் எண் 4, மாற்றமே இல்லை. பலர் சிகிச்சையைக் கைவிடும் கட்டம் இதுவே. நான்காம் வாரத்தில் காலை விறைப்பு சற்றுக் குறைகிறது. ஆறாம் வாரத்தில் எண் 2. நலம் பெற்றுவிட்டதாக எண்ணி, நண்பர்களோடு மலைப்பாதையில் ஓடுகிறான். ஓடும்போது வலி இல்லை. மறுநாள் காலை எண் 7, நொண்டி நடக்கிறான்.

இந்தப் பின்னடைவை நாண் கிழிந்ததாகக் கொள்ளவேண்டியதில்லை. சுமை அளவு மீறியது என்பதே அதன் பொருள். சில நாட்கள் சுமையைக் குறைத்து, முந்தைய வாரத்து அளவிலிருந்து மீண்டும் தொடங்கினால் பெரும்பாலும் இழந்தது திரும்பக் கிட்டும். முழு ஓய்வுக்குத் திரும்புவதே பெரிய இழப்பு.

ஒன்பதாம் வாரத்தில் சமநிலத்தில் ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாறி மாறிச் செய்யத் தொடங்குகிறான். ஒருநாள் விட்டு ஒருநாள் மட்டுமே ஓட்டம். ஏனெனில் நாணுக்கு இடைநாள் வேண்டும். முதலில் ஓடும் நேரம் கூடுகிறது. அதன் பின்னரே வேகம். எல்லாவற்றுக்கும் இறுதியில் ஏற்றம்.

பத்தாம் வாரத்தில் ஆள்சேர்ப்பு அறிவிப்பு வருகிறது. தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம். அவன் ஆசிரியரிடம் கேட்கும் வினா ஒன்றே: “ஐயா, ஓடலாமா?” இவ்வினாவுக்கு எந்த நூலிலும் நேரான விடை இல்லை. குறிப்பேடு சிலவற்றைச் சொல்கிறது. அவன் இதுவரை இடைவிடாது ஓடியது நான்கு நிமிடம், அதுவும் மெல்லோட்டம். ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்துவதில் இடக்கால் இருபத்தைந்து தடவையும் வலக்கால் பதினான்கு தடவையும் செய்கின்றன. 1.6 கிலோமீட்டரை முழு வேகத்தில் ஓடுவதற்கான இருப்பு அக்காலில் இல்லை. ஆசிரியர் தடை விதிக்கவில்லை; எண்களை அவன்முன் வைக்கிறார். அடுத்த ஆண்டும் வயது வரம்புக்குள் வருவதால், அவன் இவ்வாண்டுத் தேர்வை விட்டுவிடுகிறான். ஓடியிருந்தால் ஒருவேளை தேறியிருக்கலாம். அதனை எவரும் அறியமுடியாது.

ஆறாம் மாதத்தில் சமநிலத்தில் மூன்று கிலோமீட்டர் நிறுத்தாமல் ஓடுகிறான். வலக்கால் இருபத்திரண்டு தடவை உயர்கிறது. வேக ஓட்டத்துக்கு மறுநாள் காலையில் முதல் சில அடிகளில் விறைப்பு இன்னும் இருக்கிறது. எண் 1 அல்லது 2. அவன் பயிற்சியை நிறுத்தவில்லை.

நிச்சயமின்மையின் அளவு

இந்நோவுடையவர்களுக்கு முழுக் குணம் உறுதியென்று வாக்களிக்கலாகாது. ஸ்வீடனில் பயிற்சி பெற்ற 34 பேரை ஐந்தாண்டுகளுக்குப் பின் ஆராய்ந்து 2011இல் வெளியிட்டபோது, ஏறத்தாழ 80 சதவிகிதத்தினர் முழுமையாகக் குணமடைந்திருந்தனர். நெதர்லாந்தில் 46 பேரை அவ்வாறே ஐந்தாண்டுகளுக்குப் பின் ஆராய்ந்து 2012இல் வெளியிட்டபோது, வலியே இல்லாதவர்கள் ஏறத்தாழ 40 சதவிகிதத்தினர் மட்டுமே. எஞ்சியவருள் பலர் முன்னேறியிருந்தும் சிறு வலியோடு வாழ்ந்தனர். நோயாளிகளும், பயிற்சி முறையும், குணம் என்பதற்குக் கொண்ட வரையறையும் வேறுபட்டதால் இவ்வெண்களும் வேறுபடுகின்றன.

இவற்றினின்று பெறப்படும் அறிவுரை இது: பெரும்பாலோர் நன்கு முன்னேறுவர், அதற்கு மூன்று மாதம் குறைந்த அளவு, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆவது இயல்பு, சிலருக்குச் சிறு வலி எஞ்சும். தொடக்கத்திலேயே இதனைக் கூறிவிட்டால் மூன்றாம் வாரத்தில் மனம் தளராது. “பத்து நாளில் சரியாகும்” என்று ஆறுதல் கூறுவது இரக்கம் போலத் தோன்றினும், பதினோராம் நாளில் நோயாளியின் நம்பிக்கையைக் குலைத்துவிடும்.

உடனே மருத்துவரிடம் அனுப்பவேண்டிய நிலைகள்

கீழ்க்கண்டவற்றில் பயிற்சியைத் தொடங்காமல் மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும்.

1. பின்னாலிருந்து எவரோ உதைத்ததுபோன்ற திடீர் வலியும், வெடிப்பது போன்ற ஓசையும் தோன்றுதல். நாண் அறுந்திருக்கலாம். நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, பாதம் கட்டிலுக்கு வெளியே தொங்க, கெண்டைக்காலைப் பிடித்து அழுத்தினால், நாண் முழுமையாக இருப்பின் பாதம் கீழ்நோக்கி அசையும், அறுந்திருப்பின் அசையாது. ஐயம் இருந்தால் காலம் தாழ்த்தலாகாது.

2. சிப்ரோபிளாக்சசின் வகையைச் சேர்ந்த நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை உட்கொண்ட நாட்களில் அல்லது அதற்குப் பின் குதிநாணில் வலி தோன்றுதல். இம்மருந்துகள் நாணைப் பலவீனப்படுத்தி அறச்செய்யக்கூடும்.

3. இரு கால்களிலும் நாண் நோவும், அத்துடன் காலை நேரத்தில் நெடுநேரம் நீடிக்கும் முதுகு விறைப்பும் இருத்தல். இது மூட்டு நோயின் அறிகுறியாக இருக்கலாம்.

4. காய்ச்சல், சிவப்பு, கடும் வீக்கம்.

நாணுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டு உடனே ஓட முயல்வதும் ஆபத்தானது. நாண் அறுந்துபோன நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

வகுப்பறையில் செய்து காட்டத்தக்கவை

மாணவர்கள் தம் குதிகாலின் பின்புறத்தை விரல்களால் பற்றி, பாதத்தை மேலும் கீழும் அசைத்து நாணின் எல்லையை உணரட்டும். பிறகு முழங்காலை நீட்டியும் மடக்கியும் குதிகாலை உயர்த்தி, கெண்டைக்காலின் மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் வேறுவேறாக இறுகுவதைத் தொட்டறியட்டும். மூன்றாவதாக, ஒவ்வொருவரும் ஒற்றைக் காலில் குதிகாலை எத்தனை தடவை முழு உயரத்துக்கு உயர்த்த முடிகிறது என்பதை இரு கால்களுக்கும் எண்ணிக் குறித்துக்கொள்ளட்டும். ஓட்டப் பயிற்சி தொடங்கும் பருவத்தில் இவ்வெண்ணைக் குறித்துவைத்தால், பின்னர் நோவு தோன்றும்போது ஒப்பிட்டுப் பார்க்கப் பயன்படும்.

பயிற்சிக் களத்திலும் ஆசிரியரும் களப்பணியாளரும் செய்யத்தக்கது உண்டு. அறிவிப்பு வந்த பின் ஓடத் தொடங்கும் வழக்கத்தை மாற்றி, பல மாதங்களுக்கு முன்பே குறைந்த தொலைவில் தொடங்கச் செய்யலாம். தொலைவு, வேகம், ஏற்றம் ஆகிய மூன்றையும் ஒரே வாரத்தில் உயர்த்துவதைத் தடுக்கலாம். காலை விறைப்பை மறைக்காமல் சொல்லும் பழக்கத்தை ஊக்குவிக்கலாம். தேர்விலிருந்து நீக்கப்படுவோமோ என்ற அச்சத்தால் இளைஞர்கள் அதனை மறைக்கின்றனர்.

குதிநாண் அவசரத்துக்குப் பணிவதில்லை. முற்றிலும் விட்டுவிட்டாலும் வலுப்பெறுவதில்லை. அளந்து ஏற்றிய சுமையும், மறுநாள் காலையில் கேட்டறிந்த விடையும், அவ்விடைக்கேற்பத் திருத்திய பயிற்சியும் சேர்ந்தே அதனை மீட்கின்றன. எத்தனை மாதத்தில், எவ்வளவு முழுமையாக என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலாது. சாத்தாராவின் இளைஞன் அடுத்த ஆண்டு திடலில் நிற்கும்போது அவனுடைய கால் எவ்வளவு தாங்கும் என்பதும் அவ்வாறே. எனினும் அதுவரை ஒவ்வொரு நாளும் செய்யவேண்டியது யாது என்பதை அவனும் அவனுடைய ஆசிரியரும் அறிவர்.